பால் தெளித்த நாய்

மூங்கில்கொல்லைப் பெரியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த மலையில் குறைவு. அவளுடைய பட்டி வேலியில் எவனாவது சும்மா ஒரு தழையை ஒடித்துவிட்டால் போதும், அவன் ஓடையைத் தாண்டும்வரை வசவு பின்னாலேயே போகும். ஆனால் தை பிறந்துவிட்டால் அந்த வாய்க்காரியைத் தேடித்தான் சுற்றுப்பட்டு ஊர்களே வரும். சாமை அறுத்து, போரடித்து, குதிரில் கொட்டியதும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்ற மேஸ்திரி லாரியோடு வந்துவிடுவான். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எல்லோரும் ஏறிப் போனால் பங்குனியில் புளி உலுக்கத்தான் திரும்புவார்கள். அவர்கள் விட்டுப்போகும் நாய்களை யார் பார்ப்பது?

பெரியம்மாள்தான் பார்ப்பாள். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து அவளுக்கு இடதுகால் கோணிக்கொண்டது. காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்க அந்தக் காலால் ஆகாது. மேஸ்திரியும் அவளை லாரியில் ஏற்றமாட்டான். கட்டிய புருஷன் ஒரு தையில் லாரி ஏறிப் போனவன், குடகிலேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "பங்குனி வந்தா நாயிங்களுக்குக்கூட வூட்டு நெனப்பு வந்துருது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவாள். ஆடுகள் இல்லாமல் காலியாகக் கிடந்த பட்டியில் ஊர் நாய்களைக் கட்டிவைத்து, கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றி, உண்ணி பிடுங்கி, சண்டை விலக்கி, திரும்பி வருகிறவர்களிடம் பத்திரமாக ஒப்படைப்பாள். நாய்க்கு ஒரு படி சாமை கூலி. கூலியைவிட, 'பெரியம்மா கையில வுட்டா கவலயில்ல' என்று நாலு பேர் சொல்கிற பேச்சு அவளுக்குப் பெரிது. நொண்டி என்பதைத் தவிர ஊர் அவளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷத்துத் தையில் ஓடைக்கு அந்தப்புறம் அத்திக்கொல்லையிலிருந்து அர்ச்சுனன் தன் செவலையைக் கொண்டுவந்து விட்டான். வயதான பெட்டை நாய். முகவாயில் நரை தட்டியிருந்தது. அர்ச்சுனனுக்கும் மாதம்மாளுக்கும் குழந்தை இல்லை. அவர்கள் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து இத்தனை வருஷமாகக் காத்தது செவலைதான். அதற்கு முன்பெல்லாம் அர்ச்சுனனின் அப்பா வீட்டில் இருந்ததால் அதை எங்கும் விட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் இதுதான் முதல் தடவை.

"பயந்த சுபாவங்க்கா. கொஞ்சம் கொரலு எடுத்தாலே ஒடுங்கிக்கும். பாத்துக்க" என்றான் அர்ச்சுனன்.

"இங்க வந்த நாயி எது திரும்பப் போவாம இருந்துது? நீ போய்ட்டு வா."

செவலை அன்றைக்கு ஆரம்பித்ததுதான், ஊளை. லாரி போன திசையைப் பார்த்து நின்றுகொண்டு ஊளையிடும். அது இட்டால் பட்டியிலிருக்கிற மற்ற நாய்களும் சேர்ந்துகொள்ளும். செவலை மட்டும் கூழை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பெரியம்மாள் கொஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், கடைசியில் தன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அடுப்போரத்துக் கம்பத்தில் கற்றாழை நார்க் கயிற்றால் கட்டிவைத்தாள். அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வேறு. கண்ணெல்லாம் எரிந்தது. ஒரு நாள் காலையில் எல்லா நாய்களுக்குமாகக் காய்ச்சிய கூழை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பை அணைக்க விறகை வெளியே இழுத்தாள். அந்த நேரம் பார்த்து மலைப்பாதையில் ஏதோ லாரிச் சத்தம். செவலை துள்ளியது. கயிறு பானையில் மாட்டிக் கூழ் முழுக்கத் தரையில் ஓடியது.

கையில் விறகு இருந்தது. அவ்வளவுதான். வீசிவிட்டாள்.

கட்டை அதன் பின்னிடுப்பில் விழுந்த சத்தம் அவளுக்கே திக்கென்றது. செவலை கத்தவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு காலை இழுத்தபடி மூங்கில் புதருக்குள் ஓடிவிட்டது. பெரியம்மாள் காய்ச்சலோடு ஓடை, புளியந்தோப்பு, கரட்டு மேடு எல்லாம் கோணல்காலை இழுத்துக்கொண்டு தேடினாள். "செவல, செவல" என்று கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டியது. அது வரவில்லை.

பங்குனியில் லாரி வந்தது. அர்ச்சுனன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அவள் பட்டிக்கு வந்தான். குடகுச் சந்தையில் செவலைக்கென்று வாங்கிய வெண்கல மணியை ஆட்டிக்கொண்டே வந்தான். பெரியம்மாள், 'ஓடிப்போச்சுப்பா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஏன் ஓடியது என்று கேட்பானே என்ற நினைப்பு அதற்குள் குறுக்கே வந்தது. சுற்றிலும் மற்ற நாய்க்காரர்கள் வேறு நின்றார்கள்.

"சிறுத்த தூக்கிட்டுப் போச்சு அர்ச்சுனா" என்று வந்தது வாயில்.

சொன்னது சொன்னதுதான், அதற்குக் கண் மூக்கு காது எல்லாம் வைக்கவேண்டியதாகிவிட்டது. கரட்டு மேட்டில் ரத்தம் பார்த்தேன், ரோமம் பார்த்தேன் என்றாள். அர்ச்சுனன் மணியை மடியில் சொருகிக்கொண்டான். ஒருத்தராவது அவளைக் குறை சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "சிறுத்தைக்கு நீ இன்னா பண்ணுவே, பாவம்" என்றார்கள். மறுநாள் மாதம்மாள் அழுத கண்ணோடு வந்து, "எங்க செவலைக்கும் கூழு ஊத்துன இல்ல" என்று படிச் சாமையைக் கொட்டிவிட்டுப் போனாள். பெரியம்மாள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொங்கித் தின்றாள்.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம். கொல்லை காத்த நாய் செத்தால், அது கூழ் குடித்த சட்டியைக் கொல்லை வரப்பில் புதைத்து, மேலே பால் தெளிப்பார்கள். பால் தெளித்துவிட்டால் அதோடு சரி. அந்தப் பேரை வீட்டில் சொல்வதில்லை. உடம்பு கிடைக்காவிட்டாலும் செவலைக்கு எல்லாம் முறையாக நடந்தது. சட்டியோடு வெண்கல மணியையும் சேர்த்துப் புதைத்தான் அர்ச்சுனன். பெரியம்மாளும் போய் நின்றாள். சொம்பில் மிச்சமிருந்த பாலை அவள் கையில் கொடுத்து, "நீயும் தெளி யக்கா" என்றார்கள். தெளித்தாள்.

ஆடியில் சாமை முளைத்து ஒரு சாண் நிற்கும்போது செவலை வந்துவிட்டது.

எங்கே திரிந்ததோ, எதைத் தின்றதோ, எலும்பும் தோலுமாக முதலில் தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. வாசலில் நின்ற அதைப் பார்த்து மாதம்மாள் வீல் என்று கத்தி, கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி விரட்டிவிட்டாள். பால் தெளித்தது வாசலுக்கு வந்தால் வீட்டு மனுஷரில் ஒன்றைக் கூட்டிப்போகும் என்று அவளுக்குப் பயம். அங்கிருந்து விரட்டுப்பட்டுத்தான் அது பெரியம்மாளின் பட்டிக்கு வந்து, வேலிக்கு வெளியே படுத்தது. கழுத்தில் நார்க் கயிற்றின் துண்டு அப்படியே இருந்தது.

நாய் உயிரோடு வந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய பெரியம்மாள், முதலில் செய்தது என்ன தெரியுமா? கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்றாள். அதற்கப்புறம்தான் கூழ் ஊற்றினாள்.

ஊரே வந்து பார்த்தது. சிறுத்தையின் வாயிலிருந்து தப்பிய நாய் என்று கதை செங்கம் வரைக்கும் இறங்கிப்போனது. ஊர்க்கவுண்டர் வந்து, தள்ளி நின்றே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பொழச்சு வந்தது பெரிய வெசயந்தான். ஆனா பாலு தெளிச்சாச்சு. இந்த மலயில யாரும் இத்த வூட்ல சேக்கக் கூடாது. பெரியம்மா, உனக்குத்தான் நாயிங்கள தெரியும். கீழ எங்கனா நல்ல எடமாப் பாத்து வுட்டுடு."

அர்ச்சுனன் தினமும் மாலையில் ஓடையைத் தாண்டி வந்து, வேலிக்கு அந்தப்பக்கம் குத்துக்காலிட்டு உட்காருவான். செவலை இந்தப்பக்கம் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு முனகும். தொடமாட்டான். தொட்டால் மாதம்மாளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தன் இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெரியம்மாள் கூழ்ப் பானையைத் துலக்குகிற சாக்கில் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாய் சாகவேயில்லை என்றால் பாலுக்கு ஏது பலன்? ஆனால் சொன்னால் அடுத்த தையில் எவன் அவளிடம் நாயை விடுவான்? பட்டி காலியாகும், குதிர் காலியாகும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரே வருகிறவர்கள் பார்க்கிற பார்வை மாறிவிடுமே, அதை எப்படிப் பொறுப்பது? நல்ல இடமாகப் பார்த்து விட்டுவிட்டால் நாய்க்கும் நல்லது, தனக்கும் நல்லது என்று மனசைப் பூசி மெழுகிக்கொண்டு இடம் தேடக் கிளம்பினாள்.

முதலில் ஜமுனாமரத்தூர். சந்தைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ராஜவேலு கீழ்நாட்டுக்காரன். பால் தெளித்த நாயைச் சேர்க்கக் கூடாது என்ற மலைக்காரர்களின் தடை அவனுக்குக் கிடையாது. நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "நொண்டிக்கு நொண்டி தொணையா? வுடு வுடு, பன்னு தின்னுக்கினு கெடக்கட்டும்" என்று சிரித்தான். பெரியம்மாள் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவன் அடுப்புக்கு விறகு எடுத்தான். செவலை பெஞ்சுக்கு அடியில் பாய்ந்து, அங்கே உட்கார்ந்திருந்த பஸ் கண்டக்டரின் காலைக் கடித்துவிட்டது. பல் ஆழமாக இறங்கவில்லை, பேன்ட்தான் கிழிந்தது. கண்டக்டர் போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா இது! சிறுத்தையப் பாத்த பயம் இன்னும் போவல போலக்கீது" என்றான் ராஜவேலு.

"ஆமா" என்றாள் பெரியம்மாள். சிறுத்தையின் கையில் ஏது விறகு என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவளால் முகத்தைக் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு கேட்ட வீடுகளிலும் இதே கதைதான். மலையைச் சுற்றி எந்த வீட்டில் விறகு எடுக்காமல் அடுப்பு எரிகிறது? யாராவது ஒரு சுள்ளியைக் கையில் எடுத்தாலும் செவலை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு மூத்திரம் பெய்துவிடும். "அடிச்ச பாவி யாரோ" என்று ஒரே ஒரு கிழவர் மட்டும் சரியாகச் சொன்னார். பெரியம்மாள் அந்தத் தெருவிலேயே அப்புறம் நிற்கவில்லை.

ஆவணியில் ஒடுகத்தூர்ப் பக்கம் இறங்கினாள். அங்கே நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்த கன்னியம்மாள் வருஷா வருஷம் அவளிடம் புளி வாங்குகிற வாடிக்கை. பிள்ளைகள் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டதால் களத்துக்கு ஒரு நாய் வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். காட்டு வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அவள் உட்கார்ந்தால் செவலையும் கொஞ்சம் தள்ளி உட்காரும். எழுந்தால் எழும். அடித்தவள் பின்னாலேயே அது வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஏண்டி எம்பின்னால வர்றே? உனக்கு ரோசமே இல்லியா?" என்று வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே போனாள்.

கன்னியம்மாள் வீட்டில் அவளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அங்கே விறகே இல்லை. தகர அடுப்பில் வேர்க்கடலைத் தோலை அமுக்கி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வருசம் பூரா மல்லாட்டத் தோலுதாம்மா. மூட்ட மூட்டயா கெடக்குது, வெறகுக்கு எவ அலயறது?" என்றாள் கன்னியம்மாள்.

செவலை களத்தைச் சுற்றி மோந்து பார்த்தது. தோல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் தேடி, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. கன்னியம்மாள் சோற்றில் மோர் ஊற்றி வைத்தாள், தின்றது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? பெரியம்மாளின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியமாதிரி இருந்தது.

"வயசான நாயி, பதவிசாத்தான் கீது. யாரு வூட்டு நாயி? தேடிக்கினு வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க. புருசனும் பொண்டாட்டியும் செத்துட்டாங்க." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"அய்யய்யோ! ரெண்டு பேருமா? எப்படி?"

பெரியம்மாள் நாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னியம்மாள் விடவில்லை. நல்ல மனசுக்காரி. "அவங்க பேரு இன்னாம்மா? அமாவாசைக்கு எங்க வூட்ல படைக்கறப்ப அவங்களுக்கும் சேத்து ஒரு எல போட்டுடறேன். அவங்க நாயி இங்க சோறு துன்னும்போது அவங்களுக்கு ஒரு வாய் வெக்கலன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றாள்.

அர்ச்சுனன் என்று சொல்லவேண்டும். மாதம்மாள் என்று சொல்லவேண்டும். நாயைச் சாகடித்த வாய் இப்போது நாய்க்காரனுக்கும் இலை போடுகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் கக்கத்தில் கையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த உயிரோடிருக்கிற மனுஷனுக்கு! பெரியம்மாள் எழுந்துவிட்டாள்.

"இல்லம்மா. உயிரோடதான் கீறாங்க. நாந்தான் பொய் சொன்னேன். நாயி குடுக்கறதுக்கில்ல" என்று இடுப்பில் சொருகிவந்த கயிற்றை அதன் கழுத்தில் மாட்டிப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கன்னியம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டாவது போ என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

மலையேற்றம் அந்தக் காலுக்கு லேசுப்பட்டதா? வழியில் ஒரு ஊரில் தங்கி, மறுநாள் வெயில் ஏறியபிறகுதான் அத்திக்கொல்லை போய்ச் சேர்ந்தாள். தன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் மறுபடியும் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே அவளைப் பற்றித் தெரியும். அர்ச்சுனன் வீட்டு முற்றத்தில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேரும் ஊர்க்கவுண்டரும் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாயைப் பார்த்ததும் மாதம்மாள் எழுந்துவிட்டாள்.

"யக்கா, இத்த ஏன் இங்க கூட்டியாந்தே!"

"சிறுத்தயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான்" என்றாள் பெரியம்மாள். மூச்சு வாங்கியது. "வெறகுக் கட்டயால அடிச்சேன். கயித்த அத்துக்கினு ஓடிச்சு. செத்துப்போச்சுன்னு பொய் சொன்னேன். நான் சொன்ன பொய்க்குத்தான் நீங்க பாலு தெளிச்சீங்க. இது சாவல. வூட்ல சேத்துக்குங்க."

ஒருவரும் கோபப்படவில்லை. மாதம்மாள் அவளருகில் வந்து, "நாயிக்காவ உம்மேலயே பழியப் போட்டுக்கிறியா யக்கா? எங்க ரெண்டு பேரயும் பாத்து உனக்கு மனசு கேக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர்க்கவுண்டரும், "பெரியம்மாவுக்கு வாயிதான் அப்படி, மனசு வெள்ள. ஆனா அதுக்காவ இல்லாதத சொல்லக் கூடாது" என்றார்.

பெரியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பொய் சொன்னபோது நம்பினார்கள். நிஜத்தைச் சொன்னால் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கயிற்றுத் துண்டாவது இருந்திருந்தால் காட்டலாம். அதைத்தான் அடுப்பில் போட்டாயிற்று. அர்ச்சுனன் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முற்றத்து ஓரத்தில் மாதம்மாள் அடுக்கிவைத்திருந்த விறகு இருந்தது. பெரியம்மாள் அதைப் பார்த்தாள். செவலை கயிற்றின் மறுமுனையில், தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு, பயமில்லாமல் நின்றது. இப்போது செய்யப்போவதை அது மன்னிக்காது என்று அவளுக்குத் தெரியும். தன்னைத் தானும் மன்னிக்கமாட்டாள் என்று தெரியும். ஒரு கட்டையை உருவி, தலைக்கு மேலே ஓங்கினாள்.

செவலை பொத்தென்று தரையில் விழுந்தது. வாலை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பின்னிடுப்பைச் சுவர்ப் பக்கமாக மறைத்துக்கொண்டது. அதன் அடியில் கேழ்வரகு நனைந்தது. அது அப்போதும் கத்தவில்லை.

பெரியம்மாள் கட்டையைக் கீழே போட்டாள். "பாத்துக்குங்க. சிறுத்தயப் பாத்த நாயி வெறகுக் கட்டைக்கு இப்பிடியா பயப்படும்?"

அர்ச்சுனன் எழுந்து வந்தான். அவளைக் கடந்துபோய், செவலையின் மேல் கையை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர்தான், சாகாததுக்குத் தெளித்த பாலுக்குப் பலன் இல்லை, சட்டியைத் தோண்டி எடுத்து அதிலேயே கூழ் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். யார் தோண்டுவது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெரியம்மாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். சட்டி விளிம்பு உடைந்து வந்தது, மணி பச்சை பூத்து வந்தது. இரண்டையும் ஓடையில் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அவள் கைபட்டதை மாதம்மாள் இன்னொரு தடவை கழுவிவிட்டுத்தான் கூழ் ஊற்றினாள்.

அடுத்த தையில் லாரி வந்தது. மூங்கில்கொல்லைப் பட்டிக்கு ஒரு நாய்கூட வரவில்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் வேலியோரம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினாலும் பதிலுக்குத் திட்ட அவளிடம் பழைய வாய் இல்லை.

லாரி போன மறுநாள் அர்ச்சுனன் வந்தான். இனிமேல் செவலையை விட்டுவிட்டுப் போவதில்லை என்று அவன் அந்த வருஷம் குடகுக்குப் போகவில்லை. போனவர்களெல்லாம் நாய்களை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். அவன் வீட்டில் பட்டி இல்லை. ஒரு கையில் நாய்க் கயிறுகள் கொத்தாக இருந்தன. செவலை கட்டில்லாமல் மணி குலுங்கப் பின்னால் வந்தது. அன்று முற்றத்தில் எழுந்து அவளைக் கடந்துபோனதிலிருந்து அதுவரை அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பட்டி வேணும்" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல், "கூழு நீ காச்சு. வெறகு நான் எடுத்தாறேன். நீ தொடாத" என்றான்.

"சரி" என்றாள் பெரியம்மாள்.

அந்தத் தையும் மாசியும் அப்படித்தான் நடந்தது. அர்ச்சுனன் விறகைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, அவனே அடுப்பில் வைத்து, அவனே வெளியே இழுத்து அணைப்பான். அவள் துழாவுவதோடு சரி. மற்ற நாய்கள் அவள் காலைச் சுற்றும். செவலை மட்டும் தள்ளி நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கும். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். பார்த்து முடித்தபிறகு அது வந்து குடிக்கும். மறுநாளும் காட்டவேண்டும். பங்குனியில் லாரி திரும்பி வந்த அன்றைக்கும் காட்டினாள்.